‘ப்ரீ-மெட்’ என்று ஒரு டிகிரியே இல்லை: கனடாவில் டாக்டர் கனவுக்கு முன்னால் எந்தப் படிப்பைத் தேர்வு செய்வது?

ஜனவரி மாதத்து இரவு. கனடாவின் ஸ்கார்பரோவில் வெளியே பனி கொட்டுகிறது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருக்கிறது. 12-ம் வகுப்பு படிக்கும் மகள், பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறாள். வேலை முடிந்து வந்த அப்பா, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்க்கிறார்.

“உதில எது பிள்ளை டொக்டருக்குப் போற கோர்ஸ்?”

“அப்பிடி ஒரு கோர்ஸ் இல்லையப்பா.”

“இல்லையெண்டா? பிறகு எல்லாரும் எப்பிடிப் போறாங்கள்?”

டொராண்டோ வட்டாரத் தமிழ் வீடுகளில் ஜனவரி வந்தால் இப்படி ஒரு பேச்சு எழாமல் இருக்காது. ஒன்டாரியோ மாகாணத்தில் 12-ம் வகுப்பு மாணவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முக்கியக் கெடு, ஜனவரி நடுவில் வருகிறது. அதற்குள் லைஃப் சயின்ஸா, ஹெல்த் சயின்ஸா, பயோமெடிக்கலா, கினிசியாலஜியா என்று முடிவெடுத்தாக வேண்டும். 17 வயதில் எடுக்கும் இந்த முடிவு, அடுத்த நான்கு ஆண்டுகளையும், மெடிக்கல் சீட் கிடைக்காவிட்டால் அதற்குப் பிந்தைய வாழ்க்கையையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

ஆனால், பெரும்பாலான வீடுகளில் கேட்கப்படும் கேள்வியே தப்பு. ‘எந்த டிகிரி மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகும்?’ என்று கேட்கிறார்கள். அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது புரியும்.

நம்ம ஊர் கணக்கு அங்கே ஏன் செல்லாது?

தமிழ்நாட்டில் பாதை நேரானது. பிளஸ் டூவில் பயாலஜி குரூப், அப்புறம் நீட், ரேங்க் வந்தால் எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. இலங்கையில் ஏ/எல் தேர்வில் உயிரியல் பிரிவு, இசட் ஸ்கோர், மாவட்ட ஒதுக்கீடு, அப்புறம் மருத்துவ பீடம். இரண்டிலும் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மருத்துவப் படிப்பு தொடங்கிவிடுகிறது. கனடாவுக்குப் போன அப்பா அம்மாக்களின் மனதில் இருப்பது இந்த வரைபடம்தான்.

கனடாவில், கியூபெக் மாகாணத்தின் சில வழிகளைத் தவிர, பள்ளியில் இருந்து நேரடியாக மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாது. முதலில் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள், பெரும்பாலும் நான்கு ஆண்டுப் பட்டம். அதற்குப் பிறகுதான் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம். அந்தப் படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள். ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்று. அதற்கு மேல் ரெசிடென்சி பயிற்சி: ஃபேமிலி டாக்டருக்கு 2 ஆண்டுகள், அறுவை சிகிச்சை போன்ற துறைகளுக்கு 5 அல்லது அதற்கும் மேல்.

கூட்டிப் பாருங்கள். 18 வயதில் தொடங்கினால், எல்லாம் முதல் முயற்சியிலேயே கிடைத்தாலும், ஃபேமிலி டாக்டராகத் தனியாக நோயாளியைப் பார்க்கும்போது வயது 28. முதல் நான்கு ஆண்டுகள் மருத்துவப் படிப்பே கிடையாது. அந்த நான்கு ஆண்டுகளில் என்ன படிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

‘ப்ரீ-மெட்’ என்றால் என்ன?

அது டிகிரியின் பெயர் இல்லை. ‘நான் பின்னாடி மெடிக்கலுக்கு அப்ளை பண்ணப் போறேன்’ என்கிற நினைப்புக்கு மாணவர்கள் வைத்துக்கொண்ட பெயர், அவ்வளவுதான். வரலாறு படிப்பவரும் ப்ரீ-மெட் ஆக இருக்கலாம். பயோகெமிஸ்ட்ரி படிப்பவர் அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

ஒன்டாரியோவின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ‘ஓம்சாஸ்’ என்ற ஒரே விண்ணப்பத் தளம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் தொடக்கத்தில் விண்ணப்பம் முடியும். நேர்காணல்கள் குளிர்காலத்திலும் வசந்த காலத் தொடக்கத்திலும் நடக்கும். மே மாதம் முடிவு வரும். கல்லூரிகள் முக்கியமாகப் பார்ப்பவை இவை:

• பட்டப்படிப்பு மதிப்பெண் சராசரி, அதாவது ஜி.பி.ஏ.

• எம்கேட் தேர்வு. இடைவேளைகளையும் சேர்த்தால் சுமார் ஏழரை மணி நேரம், 230 கேள்விகள், நான்கு பகுதிகள். மொத்த மதிப்பெண் 472 முதல் 528 வரை.

• கேஸ்பர் என்ற ஆன்லைன் தேர்வு. ‘இந்தச் சூழ்நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, பதிலில் இருக்கும் பக்குவத்தை அளப்பது. எல்லாக் கல்லூரிகளும் கேட்பதில்லை.

• தன்னார்வப் பணி, ஆராய்ச்சி, வேலை அனுபவம், பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல்.

இந்தப் பட்டியலில் ‘டிகிரியின் பெயர்’ எங்கேயாவது இருக்கிறதா? இல்லை.

கல்லூரிக்குக் கல்லூரி விதி எப்படி மாறுகிறது?

டொராண்டோ பல்கலைக்கழகம்: பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். ஆனால், உயிர் அறிவியலில் இரண்டு முழு ஆண்டுப் பாடங்களும், சமூக அறிவியல், கலை, மொழி ஆகியவற்றில் ஒரு முழு ஆண்டுப் பாடமும் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 3.6 என்று சொன்னாலும், உள்ளே போகிறவர்களின் சராசரி 3.9-ஐத் தாண்டுகிறது.

மெக்மாஸ்டர்: கட்டாயப் பாடம் எதுவும் இல்லை. எம்கேட்டில் ‘கார்ஸ்’ என்ற வாசிப்புப் பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நேர்காணலுக்கு அழைக்க அது பயன்படுத்திவந்த கணக்கு: ஜி.பி.ஏ. 32 சதவீதம், கார்ஸ் 32 சதவீதம், கேஸ்பர் 32 சதவீதம், மேற்படிப்புப் பட்டத்துக்கு 4 சதவீதம் வரை.

வெஸ்டர்ன் (இது ஒன்டாரியோவில் உள்ள லண்டன் நகரம்): கட்டாயப் பாடம் இல்லை. முழுநேரமாகப் படித்த ஆண்டுகளில் சிறந்த இரண்டைப் பார்க்கும். எம்கேட்டுக்குத் தனி வரம்பு உண்டு.

குயின்ஸ்: கட்டாயப் பாடம் இல்லை. 2024-ல் ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தது. ஜி.பி.ஏ., எம்கேட், கேஸ்பர் மூன்றிலும் குறைந்தபட்ச வரம்பைத் தொட்டவர்களின் பெயர்களைக் குலுக்கலில் போட்டு, அடுத்த கட்டத்துக்குத் தேர்வு செய்வது என்று அறிவித்தது. ஆமாம், குலுக்கல்தான்.

ஒட்டாவா: எம்கேட் கேட்பதில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு என இரண்டு பிரிவுகள்.

நோஸ்ம்: சட்பரி, தண்டர் பே நகரங்களில் இயங்கும் வட ஒன்டாரியோ மருத்துவப் பல்கலைக்கழகம். எம்கேட் இல்லை. வடக்குப் பகுதியிலும் கிராமப்புறங்களிலும் வளர்ந்தவர்களுக்கு முக்கியத்துவம் தருகிறது.

டொராண்டோ மெட்ரோபாலிட்டன்: தமிழர்கள் நிறைய வாழும் பிராம்ப்டனில் 2025 செப்டம்பரில் 94 மாணவர்களுடன் தொடங்கிய புதிய கல்லூரி. எம்கேட் இல்லை. எந்தத் துறைப் பட்டமும் ஏற்கப்படும்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எந்த ஆண்டு விண்ணப்பிக்கிறீர்களோ, அந்த ஆண்டின் விதிதான் செல்லும். 12-ம் வகுப்பில் பார்த்த பட்டியலை நான்கு ஆண்டுகளுக்கு அப்படியே நம்பக் கூடாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்தப் பட்டியலில் எந்தக் கல்லூரியும் ‘பயாலஜி பட்டம்தான் வேண்டும்’ என்று சொல்லவில்லை. மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது.

88 சதவீதம் எடுத்தவரைவிட 85 எடுத்தவர் மேலே!

எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கணக்குதான்.

ஓம்சாஸ் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் 4.0 அளவுகோலுக்கு மாற்றுகிறது. நூற்றுக்கு மதிப்பெண் போடும் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் அட்டவணைப்படி, 90-க்கு மேல் எடுத்தால் 4.0. 85 முதல் 89 வரை 3.9. 80 முதல் 84 வரை 3.7. 77 முதல் 79 வரை 3.3. 73 முதல் 76 வரை 3.0.

ஒரு பருவத்தில் ஐந்து பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவர் நான்கு பாடங்களில் 91 எடுக்கிறார். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் மட்டும் 76. அவருடைய சராசரி 88 சதவீதம். ஓம்சாஸ் கணக்கில் நான்கு 4.0, ஒரு 3.0. ஆக ஜி.பி.ஏ. 3.8.

இரண்டாவது மாணவர் ஐந்து பாடங்களிலும் சரியாக 85. சராசரி 85 சதவீதம்தான். ஆனால், ஜி.பி.ஏ. 3.9.

குறைவாக எடுத்தவர் முன்னால் நிற்கிறார். இந்த அட்டவணை உச்சத்தைவிடச் சீரான மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறது. 79-க்கும் 80-க்கும் ஒரே மார்க் வித்தியாசம். ஜி.பி.ஏ.வில் அது 0.4!

இதனால் பதறவும் வேண்டாம். நான்கு ஆண்டுகளில் சுமார் 40 அரையாண்டுப் பாடங்கள். 39-ல் 4.0 எடுத்து ஒன்றில் 3.0 வாங்கினால் மொத்தம் 3.975. ஒரு பாடம் சறுக்கினால் கதை முடிந்துவிடாது. பிடிக்காத துறையில் மாட்டிக்கொண்டு பருவத்துக்கு இரண்டு பாடங்கள் சறுக்கினால்தான் முடிகிறது.

பள்ளியில் 95 எடுத்தவர்கள் அறிவியல் பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் ஆடிப்போவது இந்த இடத்தில்தான். ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் விரிவுரை அரங்கம், பக்கத்தில் இருப்பவரும் பள்ளியில் 95 எடுத்தவர், கெமிஸ்ட்ரியிலும் பிசிக்ஸிலும் வகுப்புச் சராசரியே 60-களிலும் 70-களிலும். ‘டாக்டராகணும்னா பயாலஜி’ என்று சேர்ந்தவருக்கு, அந்தப் பாடம் உண்மையில் பிடிக்கவில்லை என்பது முதல் டிசம்பர் தேர்வில் தெரியவரும்.

பெயரில் மயங்க வேண்டாம்

விண்ணப்பப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் படிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லைஃப் சயின்ஸ்: டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இது சேர்க்கைப் பிரிவின் பெயர் மட்டுமே. முதல் ஆண்டு முடிந்த பிறகுதான் ஃபிசியாலஜி, இம்யூனாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நியூரோசயின்ஸ் என்று உண்மையான துறையைத் தேர்வு செய்ய வேண்டும். சில துறைகளில் இடம் குறைவு. முதல் ஆண்டு மதிப்பெண்ணை வைத்துத்தான் அங்கே உள்ளே விடுவார்கள்.

ஹெல்த் சயின்ஸ்: மெக்மாஸ்டரின் இந்தப் படிப்பு 2000-ல் தொடங்கியது. வகுப்பு சிறியது. குழுவாகச் சேர்ந்து ஒரு பிரச்சினையை ஆராய்ந்து கற்கும் முறை. உள்ளே நுழையவே மதிப்பெண்ணோடு தனியாக எழுத்து விண்ணப்பமும் வேண்டும். இதில் படித்தவர்கள் நிறையப் பேர் மருத்துவத்துக்குப் போகிறார்கள் என்பது உண்மை. ஆனால், வடிகட்டி எடுக்கப்பட்ட மாணவர்கள் எங்கே படித்திருந்தாலும் நன்றாகத்தான் செய்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரி, தன் ஹெல்த் சயின்ஸ் பட்டத்துக்குத் தனிச் சலுகை தருவதில்லை.

மெடிக்கல் சயின்ஸ், பயோமெடிக்கல் சயின்ஸ்: பெயரில் ‘மெடிக்கல்’ இருப்பதால் அப்பா அம்மாக்களுக்குப் பிடிக்கும். உடலியல், நோயியல், மருந்தியல் என்று ஆர்வமுள்ளவருக்கு அருமையான பாடங்கள். ஆனால், இது மருத்துவப் பட்டம் இல்லை. சீட்டுக்கு உத்தரவாதமும் இல்லை.

கினிசியாலஜி: உடல் அசைவு, உடற்பயிற்சி, காயத்தில் இருந்து மீள்வது பற்றிய அறிவியல். ஒன்டாரியோவில் கினிசியாலஜிஸ்ட் என்பது சட்டப்படி முறைப்படுத்தப்பட்ட தொழில். பட்டம் முடித்துத் தேர்வு எழுதிப் பதிவுசெய்துகொள்ளலாம்.

நர்சிங்: நான்கு ஆண்டுகள் முடித்து உரிமத் தேர்வில் தேறினால் பதிவு பெற்ற நர்ஸ். கையில் வேலை. நர்சிங் பட்டத்தோடும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், மருத்துவமனைப் பயிற்சி நேரங்கள் அதிகம். எம்கேட்டுக்கான கெமிஸ்ட்ரி, பிசிக்ஸைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். நர்ஸாகவே விருப்பமில்லாதவர் இதை ஏணியாக மட்டும் நினைத்துச் சேர்ந்தால் முதல் வார்டு டியூட்டியிலேயே நொந்துபோவார்.

அறிவியல் அல்லாத பட்டங்கள்: பொருளாதாரம், தத்துவம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுவும் தடை இல்லை. எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று உளவியலும் சமூகவியலும். இன்னொன்று கார்ஸ். அதில் 90 நிமிடங்களில் 53 கேள்விகள். அறிவியல் ஒரு வரிகூட வராது. கலை, தத்துவம், சமூகம் பற்றிய கட்டுரைகளைப் படித்து, எழுதியவரின் வாதத்தைப் பிடிக்க வேண்டும். பயாலஜி புத்தகத்தை மட்டுமே மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் பகுதி இது. மெக்மாஸ்டர் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான எடை இதற்குத்தான்.

அதே நேரம், அறிவியல் பட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. எம்கேட்டின் மற்ற இரண்டு பகுதிகளுக்கும் தேவையான பயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் பாடத்திட்டத்திலேயே வந்துவிடும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். அங்கே பல கல்லூரிகள் இந்தப் பாடங்களை ஆய்வகப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும் என்று இன்றும் கேட்கின்றன.

கிடைக்காவிட்டால்?

யாரும் சாப்பாட்டு மேசையில் பேச விரும்பாத பகுதி இது. ஆனால், பேசியாக வேண்டும்.

மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரிக்கு ஆண்டுக்கு 5,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வருகின்றன. இடங்கள் 200 சொச்சம். பிராம்ப்டனின் 94 இடங்களுக்கு முதல் ஆண்டே 6,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். ஒரே மாணவர் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பார் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆண்டு சீட் கிடைக்காது. முதல் ஆண்டில் ‘நான் ப்ரீ-மெட்’ என்று சொல்லிவிட்டு, விண்ணப்பிக்கும் கட்டம் வரை வராமலே விலகுபவர்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

குயின்ஸின் குலுக்கல் இதை வெளிப்படையாக்கிவிட்டது. எல்லாத் தகுதியும் இருந்தும் பெயர் வராமல் போகலாம். அது உழைப்பின் குறை இல்லை. ஆனால், 22 வயதில் கையில் இருக்கும் பட்டம் என்ன வேலை வாங்கித் தரும் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பொதுவான பயாலஜி பட்டம் மட்டும் கையில் இருந்தால் வேலைச் சந்தையில் வழி குறுகல்தான். நல்ல ஆய்வக வேலைகளுக்கு முதுகலை கேட்பார்கள். இதையே வேறு மாதிரித் திட்டமிட்டவர்களுக்குக் கதவுகள் உண்டு. புள்ளியியலையோ கம்ப்யூட்டர் சயின்ஸையோ துணைப் பாடமாக எடுத்தவர் சுகாதாரத் தரவு வேலைகளுக்குப் போகலாம். கோ-ஆப் உள்ள படிப்பில் சேர்ந்தவர், பட்டம் வாங்கும் முன்பே மாதக்கணக்கில் சம்பளத்தோடு வேலை பார்த்திருப்பார். இரண்டு மூன்று ஆண்டு பல்கலைக்கழகப் பாடங்களோடு பார்மசி படிப்புக்கு மாறலாம். மருத்துவருடன் சேர்ந்து பணியாற்றும் பிசிசியன் அசிஸ்டென்ட் படிப்பு மெக்மாஸ்டரிலும் டொராண்டோவிலும் இருக்கிறது. மருத்துவ ஆய்வகம், கதிர்வீச்சு சிகிச்சை போன்றவற்றுக்கு நேரடித் தொழில் பட்டங்கள் உண்டு.

‘பிளான் பி’ வைத்துக்கொண்டால் மனம் தளர்ந்துவிடும் என்று சில பெற்றோர்கள் நினைக்கிறார்கள். நடைமுறையில் தலைகீழாகவும் நடக்கிறது. பிடித்த துறையில் படிப்பவருக்கு மதிப்பெண் வருகிறது. மதிப்பெண் வந்தால் பிளான் ஏ-வும் பலமாகிறது.

ஏற்பாடு செய்வதில் கவனம்

துறை எதுவானாலும் சில சின்ன விதிகள் பெரிய வேலை செய்யும். டொராண்டோ போன்ற கல்லூரிகள், ஒவ்வோர் ஆண்டும் முழுப் பாடச்சுமையோடு படித்தவர்களுக்கு, குறைந்த மதிப்பெண்கள் சிலவற்றை நீக்கிக் கணக்கிடும் சலுகையைத் தருகின்றன. வெஸ்டர்னும் முழுநேர ஆண்டுகளையே பார்க்கிறது. ‘கஷ்டமா இருக்கு, ஒரு பாடத்தைக் கோடைக்குத் தள்ளிடலாம்’ என்று சாதாரணமாக எடுக்கும் முடிவு, இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சலுகையைப் பறித்துவிடலாம். கோ-ஆப் வேலைப் பருவங்கள் உள்ள படிப்பாக இருந்தால், முழுநேர ஆண்டு என்று எதைக் கணக்கிடுவார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது வீட்டில் இருந்தா, விடுதியில் தங்கியா என்பது. ஸ்கார்பரோவில் இருந்து தினமும் டவுன்டவுனுக்குப் போய்வந்தால் பஸ், ரயில் என்று இரண்டு, மூன்று மணி நேரம் போகும். விடுதியில் தங்கினால் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். பட்டப்படிப்புக் கல்விக் கட்டணம் ஒன்டாரியோ மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 கனடா டாலர் அளவில் இருந்தாலும், மருத்துவப் படிப்பின் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 25,000 டாலர். முதல் நான்கு ஆண்டுகளில் கடனைக் குறைவாக வைத்துக்கொள்வதும் டாக்டராவதற்கான தயாரிப்புதான். பெரிய பெயருள்ள வளாகத்தில்தான் படித்திருக்க வேண்டும் என்று ஓம்சாஸ் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் இருந்து போக நினைப்பவர்களுக்கு

‘நீட் வேண்டாம், கனடாவில் ப்ரீ-மெட் படித்து டாக்டராகலாம்’ என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கனடா மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. மாகாணங்களும் தங்கள் மாகாணத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. ஒன்டாரியோ அரசு 2024 அக்டோபரில் அறிவித்தபடி, 2026 இலையுதிர்காலச் சேர்க்கை முதல் குறைந்தது 95 சதவீத இடங்கள் ஒன்டாரியோவில் வசிப்பவர்களுக்கு. மிச்சம் கனடாவின் மற்ற மாகாணத்தவருக்கு. ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவருக்கு அதில் இடமில்லை.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்கு அறிவியல் பட்டப்படிப்பின் கட்டணம் ஆண்டுக்கு 60,000 கனடா டாலருக்கு மேல். நான்கு ஆண்டுக்குக் கட்டணம் மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டாலரைத் தாண்டும். ரூபாயில் ஒரு கோடிக்கும் மேல். அவ்வளவு செலவழித்து முடிக்கும்போது கையில் இருப்பது ஒரு பி.எஸ்சி. மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்ட அதற்கு முன் பி.ஆர். வேண்டும். அமெரிக்காவிலும் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு.

ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்து, நல்ல உதவித்தொகையும் கிடைத்து, அந்தப் பட்டத்துக்காகவே போவது வேறு விஷயம். மெடிக்கல் சீட்டுக்கான குறுக்கு வழியாக நினைத்துப் போவதுதான் ஆபத்து.

முடிவெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்தத் துறையின் முதல் இரண்டு ஆண்டுப் பாடப் பட்டியலை முழுசாகப் படித்துப் பார்த்தாயிற்றா? அதில் பாதிப் பாடங்களாவது பிடிக்கிற மாதிரி இருக்கிறதா?

2. இந்தப் படிப்பில் சீராக 85-க்கு மேல் எடுக்க முடியும் என்று நேர்மையாகத் தோன்றுகிறதா? ஏற்கெனவே அங்கே படிக்கும் சீனியர்கள் இரண்டு பேரிடமாவது கேட்டாயிற்றா?

3. டொராண்டோ கேட்கும் உயிர் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கும், எம்கேட்டுக்கான கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், உளவியலுக்கும் இந்தப் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறதா?

4. முதல் ஆண்டு முடிவில் மனம் மாறினால், வேறு துறைக்கு மாற வழி இருக்கிறதா?

5. மெடிக்கல் சீட் கிடைக்கவே இல்லை என்றால், இந்தப் பட்டத்தை வைத்து 23 வயதில் என்ன செய்யலாம்? பதிலை ஒரே வரியில் எழுத முடிகிறதா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாத படிப்பு, எவ்வளவு ‘மெடிக்கல்’ பெயர் வைத்திருந்தாலும், ஒரு தடவை யோசிக்க வேண்டிய படிப்பு.

ஸ்கார்பரோ மேசைக்குத் திரும்புவோம். அப்பா ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்கிறார். திரையில் மூன்று படிப்புகள். இப்போது அவர் கேட்கும் கேள்வி வேறு.

“சரி பிள்ளை. டொக்டர் கிடைக்காட்டி, இதில எது படிச்சதுக்குக் கவலைப்பட மாட்டாய்?”

மகள் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று பாடப் பட்டியல்களையும் மூன்று டேப்களில் திறக்கிறாள். கெடுவுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன.